ஓசை எங்கே பிறக்கிறது?

பாஸ்கா காலத்தில் இல்லங்களை மந்திரிக்கச் செல்லும் நல்வழக்கம் நம் பங்குகளில் இன்றும் நிலவுகிறது. படவேட்டுப் பகுதியில் நெசவாளர் தெருவுக்குள் நுழையும்போது, வாசற்படியில் கால் வைக்கும் முன்னரே அவ்வீட்டின் நிலையைச் செவியால் ஓரளவு அறிந்துவிடலாம். தறியின் ஓசை சீராக எழுந்தால் வீட்டில் வேலை உண்டு, அடுப்பும் எரிகிறது. தறி வாளாவிருந்தால் பட்டுநூல் வந்து சேரவில்லை, அல்லது யாரோ நோயுற்றிருக்கிறார்கள் என்று பொருள்.

இவ்வாண்டு ஒரு வீட்டில் தறி ஓய்ந்திருந்தது. பின்கட்டிலிருந்து காதைக் கிழிக்கும் வேறோர் ஓசை வந்தது. ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றுவதற்கு அவ்வீட்டார் வைத்திருந்த சிறு மின்மோட்டார் இராட்டையின் ஓசை அது. (நம் பக்கத்தில் தார் என்றால் வாழைத்தாரும் உண்டு, நெசவுத் தாரும் உண்டு. இங்கே சொல்வது இரண்டாவதை.) தீர்த்தம் தெளித்துச் செபம் முடித்ததும் வீட்டுத் தாயார் முறையிட்டார்:

“மோட்டாரு போயிடுச்சுங்க சாமி. புதுசு வாங்கணும்னு பையன் சொல்றான். அதுக்குத்தான் முதலாளிகிட்ட முன்பணம் கேட்டிருக்கோம்.”

முன்பணம் என்னும் சொல்லின் கனத்தை நெசவாளர் குடும்பங்கள் அறியும். வாங்கிய கடன் தீருமட்டும் அவர் தரும் கூலிக்கே நெய்ய வேண்டும். வேறிடத்தில் கூலி கூடினாலும் போக இயலாது. ஆகவே மோட்டார் உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்பது அந்த வீட்டுக்குச் சிறிய கேள்வியன்று.

“பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிக் காட்டு, தம்பி” என்றோம். பையன் அவ்வாறே செய்தான். மோட்டார் பூனைபோல் ஓடியது. ஓசை இல்லை. பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கதிரைக் கையால் சுற்றச் சொன்னோம். மணலை மெல்வதுபோல் கறகறவென்றது. குற்றம் மோட்டாரில் இல்லை. கதிரைத் தாங்கி நிற்கும் இரண்டு சிறிய பேரிங்குகளில் இருந்தது. அவற்றின் விளிம்பில் 608 என்று பொறித்திருந்தது. ஒன்றின் விலை நூறு ரூபாயைத் தொடாது.

இந்நிகழ்ச்சியே இத்திங்கள் நம் பகுதியின் பொருளைத் தந்தது. வீட்டில் ஒரு பொறி இரைச்சலிட்டால் நாம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஓசையைப் பழகிக்கொள்கிறோம், அல்லது முழுப் பொறியையும் மாற்றத் துணிகிறோம். ஓசை எங்கே பிறக்கிறது என்று தேடுவதில்லை. தேடும் முறையோ எளியது. அதற்குப் படிப்பைவிடப் பொறுமையே அதிகம் வேண்டும்.

சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் உடலுக்கும் இடையே உராய்வு உண்டு. அதைக் குறைப்பதே பேரிங்கின் தொழில். பள்ளிப் பாடநூல் அதைத் தாங்கி என்கிறது. பட்டறையில் பேரிங் என்றால்தான் கிடைக்கும். உள்வளையம் ஒன்று, வெளிவளையம் ஒன்று, நடுவே எஃகுக் குண்டுகள், அக்குண்டுகள் ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி காக்கும் கூண்டு ஒன்று, இவற்றுக்கு நடுவே சிறிது கிரீஸ்: இவ்வளவுதான்.

அச்சும் சக்கரமும் மனிதனை எந்நாளும் கவலைக்குள்ளாக்கியே வந்துள்ளன. சாலமோன் கோவிலின் வெண்கல வண்டிகளைப் பற்றிச் சொல்லும்போது, அரசர் முதல் நூலின் ஏழாம் அதிகாரம் அச்சு, வட்டை, ஆரக்கால், குடம் என்று ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி எண்ணுகிறது. புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர் மேடுபள்ளத்துக்கு அஞ்சித் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியை உவமையாக்கியுள்ளார். அச்சு முறியும் என்று எதிர்பார்த்தே பயணம் புறப்பட்ட காலம் அது. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த பிலிப் வாகன் என்பவர் வண்டி அச்சுக்குக் குண்டுகள் பொருத்தும் முறைக்கு 1794-இல் காப்புரிமை பெற்றார்.

நெசவூர் மக்களுக்கு இன்னொரு செய்தி சுவையளிக்கும். இன்று உலகெங்கும் வழங்கும் ஒருவகைப் பேரிங் ஒரு துணியாலையின் தொல்லையிலிருந்து பிறந்தது. சுவீடன் நாட்டுக் கோதன்பர்க் நகரில் ஓர் ஆலை களிமண் நிலத்தின்மீது கட்டப்பட்டிருந்தது. நிலம் சிறிது சிறிதாக அமிழ, இயந்திரங்களுக்கு விசை தரும் நீண்ட தண்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகின. பேரிங்குகள் அடிக்கடி அழிந்தன. அவ்வாலையின் பொறியாளரான ஸ்வென் விங்க்விஸ்ட், தண்டு சற்றே சாய்ந்தாலும் தானும் உடன் சாய்ந்து இடங்கொடுக்கும் இரட்டை வரிசைக் குண்டுப் பேரிங்கை 1907-இல் உருவாக்கினார். எஸ்.கே.எஃப். நிறுவனம் அவ்வாண்டிலேயே தோன்றியது. பேரிங் ஏன் கெட்டது என்று கேட்காமல் புதியது புதியதாக மாற்றிக்கொண்டே இருந்திருந்தால், அந்த ஆலை பேரிங் வாங்கியே நொடித்திருக்கும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். முதலில் கூரை விசிறி. அது இரைந்தால் ஏணியைத் தேடுமுன் ஒரு சோதனை செய்க. முழு வேகத்தில் ஓடவிட்டுச் சுவிட்சை நிறுத்துங்கள். செவியைத் தீட்டிக்கொண்டு கீழே நில்லுங்கள். சுவிட்சை நிறுத்திய அந்த நொடியிலேயே ஓசை மறைந்தால் அது மின்சாரத்தின் ஓசை: கம்பிச்சுற்று, கண்டென்சர், அல்லது ரெகுலேட்டர். குறைந்த வேகத்தில் மட்டும் ‘ம்ம்’ என்று ரீங்காரமிட்டு முழு வேகத்தில் அடங்கினால் பெரும்பாலும் மின்னணு ரெகுலேட்டரையே ஐயுறலாம். சுவிட்சை நிறுத்திய பின்னும், இறக்கைகள் ஓய்ந்து நிற்கும் வரையில் கறகறப்பு கூடவே வந்தால் அது பேரிங். ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘தட்’ என்று கேட்டால் இறக்கைத் திருகோ மேல்மூடியோ தளர்ந்திருக்கும். இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். காசும் செலவில்லை.

பின்னர் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறி, விசிறியின் உடலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தண்டில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. மெல்லச் சுழற்றினால் விரல் நுனியிலேயே சொரசொரப்பு தெரியும். ஏணியில் ஏறியபடியே, விசிறியைக் கொக்கியில் தாங்கும் போல்ட்டையும் அதன் பின்னையும் ஒருமுறை பார்த்துவிடுவது நலம். நாம் உறங்குவது அதன் கீழேயன்றோ!

கூரை விசிறியில் தண்டு அசையாது; உடல்தான் சுழலும். உள்ளிருக்கும் பேரிங்குகள் பெரும்பாலும் 6202, 6201 என்னும் எண்ணுடையவை. மேசை விசிறி அப்படியன்று. தமிழக அரசு 2011-இல் தொடங்கி வீடுதோறும் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கியது வாசகர்க்கு நினைவிருக்கும். மேசை விசிறிகள் பலவற்றுள்ளும் மிக்சியுள்ளும் குண்டுப் பேரிங் இராது. எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ் இருக்கும். விசிறியின் புஷ்ஷுக்கு ஆண்டுக்கிருமுறை இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளடைவில் அது பிசினாக இறுகித் தண்டையே பிடித்துக்கொள்ளும்.

மிக்சி இரைந்தால் ஜாரை எடுத்துவிட்டு ஒரு நொடி ஓட்டுங்கள். ஓசை குறைந்தால் குற்றம் ஜாரின் கத்தித் தண்டிலோ அடியிலுள்ள கப்ளரிலோ இருக்கிறது. கிரைண்டரில் மாவு நிறைந்து தொடங்கும்போது மட்டும் கிறீச்சிட்டுப் பிறகு அடங்கினால் பெல்ட் தளர்ந்தது. வெறும் பாத்திரமாகச் சுற்றும்போதும் உறுமினால் பேரிங். நடுத்தண்டு வழியே மாவுநீர் கசிந்து இறங்குவதே அங்குப் பேரிங்குக்கு எமன். தண்ணீர் மோட்டாரிலும் அவ்வாறே. பம்புக்கும் மோட்டாருக்கும் இடையே நீர் சொட்டினால் சீல் போய்விட்டது என்று அறிக. சீலை விட்டுவிட்டுப் பேரிங்கை மட்டும் மாற்றுவோர், சிறிது காலத்தில் அதே பேரிங்கை மறுபடியும் மாற்றுவார்கள்.

வீட்டுப் பொறிகள் இரைந்தால் உறக்கம் கெடும்; பணம் கெடும். வாகனம் அப்படியன்று. இங்கே நம் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மோடு பணியாற்றிய உபதேசியாருக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. அதன் பின்சக்கரத்தில் ஓர் உறுமல். நாமோ குருமடத்து நாள் முதல் திருப்புளியும் ஸ்பேனருமாகத் திரிந்தவர். எதையும் கழற்றிப் பார்ப்பதில் ஆசையுடையவர். அன்று ஞாயிறு, இரண்டாம் பூசைக்கு நேரமாகிவிட்டது. சக்கரத்தைக் கழற்ற நேரமின்றி, எண்ணெய்க் குப்பியின் மூக்கைக் குடத்தின் ஓரத்தில் வைத்து நன்றாகப் பீய்ச்சினோம். உறுமல் தணிந்தது. “சாமி கைப்பட்டதும் சரியாயிடுச்சு” என்றார் அவர். நாமும் மகிழ்ந்தோம்.

மூன்று வாரங்கள் சென்றன. ஆரணியிலிருந்து மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இரவில் திரும்பியவர், சந்தவாசலைக் கடந்து படவேட்டுச் சாலையில் வரும்போது பின்சக்கரம் பக்கவாட்டில் ஆடியது. பிரேக்கை மிதித்தார், பிடிக்கவில்லை. அடுத்த கணம் சக்கரம் இறுகி நின்றது. அவருக்குச் சிராய்ப்பு. அம்மாவுக்குக் காறை எலும்பு முறிவு. அவர் தறி நெய்பவர். மூன்று திங்கள் அவர் தறியில் அமரவில்லை. பாதி நெய்த சேலை தறியிலேயே கிடந்தது.

பட்டறையில் சக்கரத்தைப் பிரித்த மெக்கானிக் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. பேரிங்கை மட்டும் காட்டினார். கூண்டு நொறுங்கியிருந்தது, குண்டுகள் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தன, வளையம் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. நாம் பீய்ச்சிய மெல்லிய எண்ணெய் உள்ளே மிஞ்சியிருந்த கிரீசையும் கரைத்து வெளியேற்றிவிட்டது. அவ்வெண்ணெய் டிரம்முக்குள் ஒழுகிப் பிரேக் ஷூவையும் நனைத்திருந்தது. ஓசையை அடக்கினோம், நோயை வளர்த்தோம், காக்க வேண்டிய பிரேக்கையும் கெடுத்தோம். அந்த உடைந்த வளையம் இன்றும் நம் மேசையில் காகிதங்களின்மேல் பாரமாக இருக்கிறது.

ஆதலின் இருசக்கர வாகனம் வைத்திருப்போர் இதைக் கருத்தாகப் படிக்க வேண்டுகிறோம். உறுமல் எஞ்சினுடையதா சக்கரத்தினுடையதா என்று அறிய, ஆளில்லாத நேர்ச்சாலையில் நியூட்ரலில் விட்டு உருண்டு பாருங்கள். எஞ்சின் தணிந்தும் உறுமல் வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் அது சக்கரத்தின் பக்கத்திலிருந்து வருகிறது. செயினும் அவ்வாறு ஓசையிடக்கூடும். ஆகவே பின்னர் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றி, சக்கரத்தின் அருகே சட்டத்தில் விரல்களை வையுங்கள். பேரிங் பழுதானால் விரலில் அதிர்வு தெரியும். திருப்புளியின் நுனியை அங்கே ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்தால், மருத்துவர் குழாய் வைத்துக் கேட்பதுபோல் தெளிவாகக் கேட்கும். சுழலும் சக்கரத்தில் மட்டும் திருப்புளி பட்டுவிடக் கூடாது.

பிறகு டயரின் மேற்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் இரு கைகளால் பற்றிக் குறுக்கே அசையுங்கள். கடகடவென்று ஆட்டமிருந்தால் அந்த வண்டியில் அன்று பயணம் வேண்டாம். பின்சக்கரத்தில் ஆட்டம் தெரிந்தால், ஆடுவது சக்கரமா, அதைத் தாங்கும் ஸ்விங் ஆர்மா என்பதையும் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே தேய்ந்த புஷ்ஷும் இதே ஆட்டத்தைக் காட்டும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன்செட் தேய்ந்திருக்கிறது. கார் வைத்திருப்போர்க்கு ஒரு குறிப்பு: இடப்புறம் வளையும்போது உறுமல் கூடினால் வலச்சக்கரத்தை ஐயுறுக, பாரம் அப்பக்கம் சாய்வதே காரணம்.

நல்ல பேரிங்கும் ஒருநாள் தேயும். ஆனால் அதை விரைவில் கொல்பவை சில உண்டு. முதலாவது பாரம். குண்டுப் பேரிங்கின்மீது ஏறும் சுமை இரட்டித்தால் அதன் ஆயுள் பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது பொறியியலார் கணக்கு. வாழைத்தார்களை இருபுறமும் கட்டி, நடுவில் ஆளும் ஏறி, மலையடிவாரத்திலிருந்து மொபெட்டில் இறங்குவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும். இரண்டாவது நீர். மழைக்காலத்தில் கமண்டல நதியின் நீரில் வண்டியை இறக்குவதும், வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் சக்கரக் குடத்தையே குறிபார்த்து நீரைப் பாய்ச்சுவதும் ஒன்றுதான். மூன்றாவது சுத்தியல், அதைப் பற்றிக் கீழே சொல்வோம்.

புதிய பேரிங் வாங்கப் புறப்படுவோர் பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அல்லது விளிம்பிலுள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் ஒரு மறைபொருளன்று. 6202 என்பதில் கடைசி இரண்டு இலக்கங்கள் உள்துளையின் அளவைச் சொல்கின்றன. 00 என்றால் 10 மில்லிமீட்டர். 01 என்றால் 12. 02 என்றால் 15. 03 என்றால் 17. 04 முதல் அந்த எண்ணை ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். 04 என்பது 20, 05 என்பது 25. நெசவு வீட்டில் நாம் கண்ட 608 போன்ற மூன்றிலக்கச் சிறியவற்றில் கடைசி இலக்கமே துளையின் அளவு: 8 மில்லிமீட்டர். எண்ணுக்குப் பின் இசட் இசட் என்றிருந்தால் இருபுறமும் தகட்டு மூடி, 2 ஆர்.எஸ். என்றிருந்தால் ரப்பர் மூடி. நீரும் தூசியும் படுமிடத்துக்கு ரப்பர் மூடியே ஏற்றது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பெட்டியைப் போலவே அச்சிட்ட பெட்டியில் போலிகள் விற்கப்படுகின்றன. பழையவற்றை மெருகேற்றிப் புதிதென்று தருவோரும் உண்டு. விலை வியக்கத்தக்க அளவு குறைவாயிருந்தால் வியந்துவிட்டுக் கடையை விட்டு வெளியேறுவதே நலம். ரசீது தரும் அங்கீகாரம் பெற்ற கடையில் வாங்குங்கள்.

பழையதைக் கழற்றப் புல்லர் என்னும் கருவி உண்டு; தெரிந்த பட்டறையில் இரவல் கேட்கலாம். புதியதைப் பொருத்தும்போதுதான் பெரும்பிழை நேர்கிறது. தண்டின்மேல் இறுக்கமாக ஏறும் பேரிங்கை உள்வளையத்தின்மீது மட்டுமே அழுத்த வேண்டும். குடத்துக்குள் இறுக்கமாக அமர்வதை வெளிவளையத்தின்மீது மட்டுமே அழுத்த வேண்டும். மாறி அடித்தால் அடியின் விசை குண்டுகளின் வழியே பாய்ந்து, வளையத்தின் வழுவழுப்பான பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும். அன்றே அந்தப் புதிய பேரிங் பழையதாகிவிடும். ஓசை சில வாரம் கழித்து வரும். வளையத்தின் அளவுக்கேற்ற குழாய்த் துண்டை வைத்து, நேராக, மெல்லத் தட்டுக. மூடியில்லாத பேரிங்குக்கு நாமே கிரீஸ் இடும்போது, உள்ளே உள்ள இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும். வாய்வரை அடைத்தால் கிரீசே சூட்டைக் கிளப்பும்.

சைக்கிளை மறந்தோமில்லை. பிள்ளைகளுக்கு இவ்வித்தையைக் கற்பிக்க அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. கோனும் கப்பும் தனித்தனியே இருக்கும். குண்டுகளைக் கையால் எண்ணி வைக்கலாம். வழக்கமான சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 3/16 அங்குலக் குண்டு, பின்சக்கரத்துக்கு 1/4 அங்குலக் குண்டு. ஒன்று தேய்ந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டுகள் அனைத்தையும் மாற்ற வேண்டும். தேய்ந்தவற்றுக்கு நடுவே புதியது ஒன்று நின்றால் பாரமெல்லாம் அதன் தலையில் விழும். சக்கரம் தடையின்றிச் சுற்றவும் வேண்டும், ஆட்டம் இருக்கவும் கூடாது. அந்த இடத்தைக் கண்டு கோனை நிறுத்துவதில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நம்மை வென்றுவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

நெசவாளர் வீட்டுக்கு நாம் மீண்டும் சென்றது அடுத்த சனிக்கிழமை. பையன் ஆரணிக்குச் சென்று இரண்டு 608 பேரிங்குகளை ரப்பர் மூடியோடு வாங்கி வந்திருந்தான். கதிரைப் பிரித்து, குழாய்த் துண்டு வைத்து, அவனே பொருத்தினான். நாம் கையைக் கட்டிக்கொண்டு அருகில் நின்றோம். இராட்டை ஓடியது. நூல் தார்க்குச்சியில் ஏறும் சரசரப்பு மட்டுமே கேட்டது. முன்பணம் கேட்டதை வேண்டாமென்று முதலாளியிடம் சொல்லிவிட்டதாகத் தாயார் கூறினார். தறியில் தந்தையார் அமர்ந்தார்.

சற்று நேரம் சென்றபின் அவ்வம்மையார் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்.

“சாமி, இத்தனை நாளா அந்த இரைச்சல்ல தெரியவேயில்லை. விசிறியும் கத்துதுங்க.”

பையன் சுவிட்சை நிறுத்தினான். எல்லோரும் மூச்சையடக்கி நின்றோம். இறக்கைகள் சுற்றி ஓயும் வரையில் கறகறப்பு கூடவே வந்தது. அவன் ஏணியெடுக்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினான்.